ரேர்போக் காருக்கு எந்த வால்வு? ஓசைக்கும் தேவைக்கும் இடையில் ஒரு தெரிவு

மகனுக்கோ மகளுக்கோ வாகன அனுமதிப்பத்திரம் கிடைக்கும் நாள் எம்மவர் வீடுகளில் மகிழ்ச்சிக்குரிய நாள். அடுத்த சில மாதங்களில் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு பழைய கார் வந்து நிற்கும். அதன் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று இளைஞர்கள் குனிந்து நிற்பர். ஒஸ்லோவின் குரூருட்டாலன் பள்ளத்தாக்கின் தென்கிழக்கு ஓரத்தில், ஓஸ்ட்மார்க்காக் காட்டை அண்டியிருக்கும் எல்லிங்ஸ்ருட்டிலும் இது புதிய காட்சியன்று. மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் பெற்றோருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று விளங்குவதில்லை. விளக்கிச் சொல்லும் பொறுமை பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இருப்பதில்லை.

இளைஞர்கள் இவ்வாறு விரும்பி வாங்குபவற்றுள் ரேர்போ பொருத்திய பெற்றோல் கார்கள் முக்கிய இடம் பெறுகின்றன. வாங்கிய கையோடு அவர்கள் மாற்றத் துடிக்கும் முதல் உறுப்பு, ஆங்கிலத்தில் 'புளோ ஓவ் வால்வு' என்றும் நோர்வேஜிய இளைஞர் பேச்சில் 'டும்ப்வென்டில்' என்றும் வழங்கும் சிறிய வால்வு. அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் 'புஸ்' என்று பெருமூச்சு விடுவது இதுதான். இந்த வால்வை வாங்குவதா, வாங்குவதாயின் எதனை வாங்குவது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து தீர்மானிக்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம். எமது விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம்: வால்வைத் தெரிவு செய்ய வேண்டியது எஞ்சினின் தேவையை நோக்கியே அன்றி, காதின் ஆசையை நோக்கி அன்று.

ரேர்போ செய்யும் வேலை

எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையின் விசையைப் பயன்படுத்தி எஞ்சினுக்குள் மேலதிக வளியைத் திணிக்கலாம் என்ற எண்ணத்திற்கு 1905 இல் காப்புரிமை பெற்றவர் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூகி. கப்பல்களிலும் பாரவூர்திகளிலும் பயன்பட்ட இம்முறை, 1962 இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெற்பயர், செவ்ரோலே கோர்வெயர் ஆகியவற்றின் மூலம் பயணிகள் கார்களுக்கு வந்தது. அதனை அன்றாடக் குடும்பக் காருக்கு ஏற்றதாக்கியதில் பெரும் பங்கு அயல்நாடான சுவீடனின் சாப் நிறுவனத்துக்கு உண்டு. பெர் யில்பிரான்ட் என்ற பொறியியலாளரின் உழைப்பில் உருவான சாப் 99 ரேர்போ 1977 இல் மக்கள் முன் வைக்கப்பட்டது. அந்நிறுவனம் 2011 இல் முறிவடைந்துவிட்ட போதிலும் அதன் கார்களை நோர்வே வீதிகளில் இன்றும் காணலாம்.

ரேர்போவின் உள்ளே ஒரே அச்சில் இரண்டு சில்லுகள் உள்ளன. ஒன்றை வெளியேறும் புகை சுழற்றுகிறது. மற்றையது அதனோடு சேர்ந்து சுழன்று வளியை உள்ளிழுத்து அமுக்குகிறது. நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கும் மேலாக இவை சுழல்வது வழக்கம். இவ்வாறு அமுக்கப்பட்ட வளி இன்ரர்கூலரில் குளிர்ந்து, வளிக்கதவைத் தாண்டி எஞ்சினுக்குள் நுழைகிறது. அந்த வளிக்கதவைத் திறப்பதும் மூடுவதும் எமது வலது காலின் வேலை.

வேகமாகச் செல்லும்போது திடீரெனக் காலை எடுத்தால் வளிக்கதவு மூடிக்கொள்ளும். ஆனால் ரேர்போ உடனே நிற்பதில்லை. அது தொடர்ந்து வளியைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். ஊரில் தோட்டத்துக்கு நீர் இறைத்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் குழாயின் வாயை மிதித்தால் குழாய் புடைத்து உதறுமல்லவா? அதுபோலவே போக வழியற்ற வளி, வந்த பாதையால் திரும்பி, சுழலும் சில்லின் இதழ்களில் மோதும். படபடவென்ற ஓர் ஓசை எழும். சில்லின் வேகம் குறையும். இந்த மோதல் மீண்டும் மீண்டும் நிகழுமாயின் அச்சின் தாங்கிகளுக்குக் கேடு.

இதனைத் தடுக்கவே வால்வு வைக்கப்பட்டுள்ளது. வளிக்கதவு மூடியதும் எஞ்சினின் உள்ளெடுப்புப் பக்கத்தில் வெற்றிடம் உண்டாகும். ஒரு சிறு குழாய் வழியே அவ்வெற்றிடம் வால்வை இழுத்துத் திறக்கும். அடைபட்ட வளி வெளியேறும். கால் மீண்டும் அழுத்தியதும் வால்வு மூடிக்கொள்ளும். இவ்வளவுதான் அதன் தொழில். எஞ்சினின் வலுவைக் கூட்டுவது அதன் தொழிலன்று. பழைய வால்வு ஒழுகிக்கொண்டிருந்தால், புதியது இழந்த வலுவைத் திருப்பித் தரும். ஒழுகாத வால்வை மாற்றுவதால் குதிரைவலு ஒன்றுகூட மிகுவதில்லை.

இங்கே டீசல் கார் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. 2007 இல் நோர்வேயின் வாகன வரி கரிவளி வெளியேற்றத்தை அடிப்படையாகக் கொண்டு மாற்றப்பட்டபின் டீசல் கார்கள் இங்கே பெருகின. அவற்றிலும் ரேர்போ உண்டு. ஆயினும் டீசல் எஞ்சினின் வலு வளிக்கதவால் அன்றி எரிபொருளின் அளவால் கட்டுப்படுத்தப்படுவதால், இந்த வால்வுக்கு அங்கே வேலையில்லை. டீசல் காரில் 'புஸ்' ஓசை எழுப்பவென விற்கப்படும் கருவிகள் ஓசைக்காக மட்டுமே செய்யப்பட்டவை. அவற்றுக்குச் செலவிடும் பணம் வீண்.

வளி எங்கே போகிறது?

வால்வுகளை வளி போகுமிடத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது திருப்பு வால்வு. இது வளியைக் குழாய் வழியாக ரேர்போவின் உள்ளெடுப்புப் பக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான கார்களில் உள்ளது இதுவே. ஓசை மிகக் குறைவு. இரண்டாவது வெளியேற்று வால்வு. இது வளியை நேரே வெளியே விடுகிறது. இளைஞர்கள் விரும்பும் ஓசை இதனுடையது. மூன்றாவது, ஒரு பகுதியைத் திருப்பி ஒரு பகுதியை வெளியே விடும் கலப்பு வகை. அவுஸ்திரேலியாவின் ரேர்போஸ்மார்ட், ஜி.எப்.பி. ஆகிய நிறுவனங்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை.

இவற்றுள் எது பொருந்தும் என்பதைக் காரின் கணினி வளியை அளக்கும் முறையே தீர்மானிக்கிறது. பல கார்களில் வளிவடியை அடுத்து ஓர் அளவி உண்டு. உள்ளே நுழைந்த வளியின் நிறையை அது அளந்து சொல்ல, அதற்கேற்பக் கணினி பெற்றோலைத் தெளிக்கிறது. இத்தகைய காரில் வெளியேற்று வால்வைப் பொருத்தினால் நடப்பது என்ன? கணக்கில் வந்த வளி எஞ்சினை அடையாமல் வெளியே போய்விடும். கணினியோ அந்த வளி உள்ளே வந்துவிட்டதென நம்பிப் பெற்றோலைத் தெளிக்கும். ஐந்து பேர் வருவதாகச் சொல்லிச் சோறு ஆக்கிய வீட்டுக்கு மூவர் வந்த கதைதான். எரியாத பெற்றோல் புகைக்குழாயில் போய் வெடிக்கும். கரும்புகை வரும். சந்தியில் நிறுத்தும்போது எஞ்சின் நின்றுபோகும். நாளடைவில் கற்றலைசர் எனப்படும் புகைச் சுத்திகரிப்பான் சூடேறிப் பழுதாகும்.

வேறு சில கார்கள் வளியின் நிறையை அளவாது, உள்ளெடுப்புக் குழாயின் அமுக்கத்தை அளந்து கணக்கிடுகின்றன. இவை வெளியேற்று வால்வைப் பொறுத்துக்கொள்ளும். ஒரே நிறுவனத்தின் கார்களிலேயே இவ்வேறுபாடு காணப்படும். சாப் நிறுவனத்தின் 'ட்றையோனிக் 5' முறை அமுக்கத்தை அளந்தது. 1997 இல் 9-5 காருடன் வந்த 'ட்றையோனிக் 7' நிறையை அளந்தது. நண்பனின் சாப் காரில் சரியாக வேலை செய்த வால்வு தன்னுடைய சாப் காரில் தொல்லை தருவதற்கு இதுவே காரணமாகலாம். ஆகவே வால்வு வாங்கப் புறப்படும் முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி: எமது காரில் வளியின் நிறையை அளக்கும் அளவி உண்டா? உண்டெனில் திருப்பு வால்வே தகுந்தது.

நோர்வே இளைஞரின் கனவுக் கார்களில் ஒன்றான சுபாறு இம்பிறேசாவிலும் அந்த அளவி உண்டு. 2003 இல் உலக ரலி வெற்றிவீரரான நோர்வே நாட்டவர் பெற்றர் சூல்பர்க் ஓட்டியது இம்பிறேசா ரலிக் காரே. அந்த நீலக் காரின் வெடியோசை பலரது நெஞ்சில் பதிந்துவிட்டது. ஆனால் ரலிக் காரின் வெடியோசை வால்வினால் எழுவதன்று. கால் எடுத்த வேளையிலும் ரேர்போ சுழன்றுகொண்டிருக்கவென, புகைக்குழாய்ப் பக்கத்தில் வேண்டுமென்றே எரிபொருளை எரியவிடும் ஏற்பாட்டின் ஓசை அது. போட்டிக் குழுக்கள் தேய்ந்த ரேர்போவைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டும். சனிக்கிழமைகளில் கடையில் நின்று உழைத்த பணத்தில் கார் வாங்கிய இளைஞனுக்கு அந்த வசதி கிடையாது.

பழையது உண்மையிலே பழுதா?

இரண்டாவது கேள்வி இது. அவுடி, வொல்க்ஸ்வாகன், சாப் கார்கள் பலவற்றில் பொஷ் நிறுவனத்தின் பிளாஸ்ரிக் திருப்பு வால்வு உண்டு. அதனுள்ளே இருப்பது ஒரு றப்பர் மென்றகடு. வயது செல்லச் செல்ல அது கிழியும். கிழிந்தால் அமுக்கம் ஒழுகும், கார் இழுவை குன்றும். சோதிப்பது எளிது. வால்வைக் கழற்றி, உள்ளிருக்கும் தண்டை விரலால் அழுத்தித் திறந்து, வெற்றிடக் குழாய் பூட்டும் முனையை மற்றொரு விரலால் மூடி, தண்டை விடுங்கள். மென்றகடு நலமாயின் வால்வு திறந்தபடியே நிற்கும். முனையை மூடிய விரலை எடுத்ததும் மூடிக்கொள்ளும். விரலை எடுக்குமுன்னரே திரும்பி வந்தால் மென்றகடு கிழிந்துவிட்டது. ஒரு குறோனரும் செலவில்லாத சோதனை இது.

வொல்வோவின் 850, வி70 போன்ற பழைய ரேர்போக் கார்களில் இந்த வால்வு ரேர்போவின் உடலோடு சேர்த்தே பூட்டப்பட்டுள்ளது. அங்கும் கிழிவது றப்பர் மென்றகடுதான். 2000 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் வந்த வொல்க்ஸ்வாகன், அவுடி 2 லீற்றர் எஞ்சின்களிலோ வால்வைத் திறப்பது மின்காந்தம். கணினியே நேரடியாகக் கட்டளையிடுகிறது. அவற்றில் முன்னைய வகை மென்றகடுகள் கிழிந்தமையால் பின்னர் பிஸ்ரன் வகைக்கு மாற்றப்பட்டன. இத்தகைய காரில் மின்வால்வைக் கழற்றிவிட்டு வேறு வகையைப் பூட்டினால் கணினி பிழைக்குறி காட்டி எச்சரிக்கை விளக்கை எரியவிடும். மூல மின்காந்தத்தை வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் அசையும் பாகத்தை மட்டும் உலோகத்தால் மாற்றும் உறுப்புகளும் கிடைக்கின்றன. மாற்ற வேண்டுமாயின் அதுவே முறை.

மூல உற்பத்தியின் திருப்பு வால்வு சில நூறு குறோனருக்குக் கிடைக்கும். பெயர் பெற்ற உலோக வால்வுகளோ இரண்டாயிரம் குறோனரை அண்டியும் அதற்கு மேலும் போகும். எஞ்சினின் அமுக்கம் தொழிற்சாலை வைத்தபடியே இருக்குமாயின், பழுதான வால்வுக்குப் பதில் அதே வகைப் புதிய வால்வு போதும். அமுக்கத்தைக் கூட்டியிருந்தால் மட்டுமே வலுவான உலோக வால்வுக்கு நியாயம் உண்டு.

சுருள்வில்லும் நோர்வேக் குளிரும்

உலோக வால்வைத் தெரிவு செய்வோர் கவனிக்க வேண்டியது அதன் சுருள்வில். எஞ்சின் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளெடுப்புக் குழாயில் எவ்வளவு வெற்றிடம் உண்டோ அதற்கேற்ப வில்லைத் தெரிய வேண்டும். வில் மெலிதாயின், கார் நின்று ஓடும் வேளையிலேயே வால்வு திறந்துவிடும். வெளியேற்று வால்வாயின் அதன் வழியே வடிக்கப்படாத தூசும் வளியும் உள்ளே இழுபடும். வில் விறைப்பாயின் வால்வு திறக்கவே மாட்டாது. முன் சொன்ன படபட ஓசைதான் மிஞ்சும். சில இளைஞர்கள் அந்த ஓசையையே விரும்பி வில்லை இறுக்குவதுண்டு. அது தம் ரேர்போவைத் தாமே தேய்ப்பதாகும். நல்ல நிறுவனங்கள் எந்த வெற்றிடத்துக்கு எந்த வில் என்று அட்டவணை தருகின்றன. அட்டவணையும் மாற்று வில்லும் இல்லாத வால்வை வாங்காதிருத்தல் நன்று.

மென்றகடு வகையா, பிஸ்ரன் வகையா என்பதும் ஒரு கேள்வி. பிஸ்ரன் கிழியாது. ஆனால் எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அதன்மேல் படியும். ஒஸ்லோவின் தை மாதக் குளிரில் அந்தப் படிவு தடித்து, பிஸ்ரன் ஒட்டிக்கொள்ளக் கூடும். ஆதலால் குளிர்காலத்துக்கு முன் கழற்றித் துடைத்து, உற்பத்தியாளர் சொன்ன கொழுப்பைப் பூசிப் பூட்ட வேண்டும். இந்தச் சிரமத்தை விரும்பாதவர்களுக்கு மென்றகடு வகையே ஏற்றது. வெற்றிடக் குழாய் குட்டையாகவும் வெடிப்பின்றியும் இருக்க வேண்டும். அதிலே வேறு கருவிகளுக்குக் கிளை எடுத்தல் கூடாது.

இன்னுமொன்று: போலிகள். யப்பானின் எச்.கே.எஸ்., அமெரிக்காவின் ரியால் போன்ற பெயர்களைத் தாங்கிய போலி வால்வுகள் சந்தையில் மலிந்துள்ளன. மின்னும் மேற்பூச்சும் பெயர்ப்பொறிப்பும் அச்சொட்டாக இருக்கும். உள்ளே வில்லும் வளையமும் தரமற்றவை. விலை மூலப்பொருளின் கால்வாசி என்றால் அங்கே பொருளும் கால்வாசிதான். பெயர் பெற்ற போலியை வாங்குவதிலும் பெயரற்ற நல்ல திருப்பு வால்வை வாங்குவது மேல்.

வீட்டுக்குள்ளே நடக்கும் வழக்கு

இங்கே ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தந்தை இரவு வேலை முடித்துக் காலையில் வந்து படுப்பவர். மகன் பத்தொன்பது வயதினன். சேமித்த பணத்தில் பழைய ரேர்போக் கார் வாங்கி, மலிவான வெளியேற்று வால்வைப் பூட்டியிருக்கிறான். சந்திதோறும் கார் நிற்கிறது. 'காரை வித்துப்போடு' என்கிறார் தந்தை. 'அப்பாவுக்கு ஒன்றும் விளங்காது' என்கிறான் மகன். இருவருமே வால்வைப் பற்றிப் பேசவில்லை. தந்தைக்குக் கேட்பது சத்தம், அயலவரின் முணுமுணுப்பு, அதற்குள் ஒளிந்திருக்கும் 'வெளிநாட்டான்' என்ற சொல். மகனுக்குக் கேட்பது, தன் கையால் பூட்டிய ஒன்று வேலை செய்கிறது என்ற பெருமிதம். இரண்டையும் நாம் மதிக்கிறோம்.

எல்லிங்ஸ்ருட்டோசென் சுரங்க ரயில் நிலையம் 1981 இல் திறக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த மாடிவீடுகளில் ஒரு வீட்டின் சன்னல் மற்றொரு வீட்டின் தரிப்பிடத்தைப் பார்த்திருக்கிறது. காட்டோர அமைதியில் இரவு பதினொரு மணிக்கு எழும் ஓசை நூறு படுக்கையறைகளுக்குள் நுழையும். எம்மவரும் அங்கே உறங்குகின்றனர்.

சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். நோர்வேயில் பயணிகள் கார்களுக்கு முதல் நான்கு ஆண்டுகளின் பின், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 'ஈ.யூ. கொன்றோல்' எனப்படும் பரிசோதனை உண்டு. புகையளவு மிகுந்தாலோ எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ அங்கே பிடிபடும். அங்கீகரிக்கப்பட்ட நிலையிலிருந்து வாகனத்தை மாற்றுவோர், மாற்று முன்னரே ஸ்டாத்தென்ஸ் வேய்வேசென் என்னும் வீதித் திணைக்களத்திடம் கேட்டறிதல் வேண்டும். குறையுள்ள வாகனத்தை வீதியில் தடைசெய்யவும் அதன் இலக்கத்தகட்டைக் கழற்றவும் அத்திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காமல் வலுவைக் கூட்டியிருந்தால் விபத்தின்போது இழப்பீடு குறையலாம். பல குடும்பங்களில் காப்புறுதி தந்தையின் பெயரில் இருப்பதால் சுமை வீட்டின் தலையில்தான் விழும்.

1990 இல் போர் மீண்டும் மூண்டு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதிருந்த ஆண்டுகளை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ-40 ஐயும் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடச்செய்தனர் எம் ஊர்த் திருத்துநர்கள். உதிரிப்பாகமும் இல்லை, கைநூலும் இல்லை. எஞ்சின் எதனைக் கேட்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுக் கற்ற வித்தை அது. இன்று பொனற்றின் மேல் குனிந்து நிற்கும் பிள்ளைகளின் ஆர்வமும் அதே வழியில் வந்ததே. தந்தையர் அக்கதையைச் சொல்லிக்கொண்டே, ஒரு மாலை கீழே இறங்கி மகனோடு அந்த வால்வைக் கழற்றிப் பார்க்கலாம். விரலால் மூடிச் சோதிக்கும் வேலைக்கு நான்கு கைகள் இருந்தால் இன்னும் எளிது.

2024 இல் நோர்வேயில் பதிவான புதிய கார்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்கார்கள். அவற்றில் ரேர்போவும் இல்லை, வால்வும் இல்லை. இனி வரும் ஆண்டுகளில் நன்கு பேணப்பட்ட பழைய ரேர்போக் கார் அரிதாகும். அப்போது அதன் மதிப்பைக் காப்பது, தொழிற்சாலையிலிருந்து வந்தபடி அது இருப்பதே. எனவே எந்த வால்வைப் பூட்டினாலும், நலமான நிலையில் கழற்றிய மூல வால்வை எறிந்துவிட வேண்டாம். துடைத்து, துணியில் சுற்றி, நிலவறைப் பெட்டியில் அதன் திருகாணிகளோடு வைத்திருங்கள். அடுத்த பரிசோதனைக்கோ, காரை விற்கும் நாளுக்கோ அது தேவைப்படும்.